சிவப்பு லெமனேடு

— …கல்லாவுக்கு மேல கண்ணாடிச் சட்டத்துக்குள்ள ஒரு சின்ன பின் தெரியுதா மக்களே? மதுவைத் தொட மாட்டேன்னு சாமி முன்னால சத்தியம் பண்ணினவங்க கோட்டுல குத்திக்கிறது. அதைக் குத்தியிருக்கிறவன்கிட்ட டப்ளின்ல எவனும் கிளாஸை நீட்ட மாட்டான். ஃபின்டன்னு ஒருத்தன் பதினோரு வருஷம் இதே பப்புல சிவப்பு லெமனேடு மட்டும்தான் குடிச்சான். ஒருநாள் பின்னைப் பிடுங்கி வீசிட்டு, “சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது, ஊத்துடா”ன்னான்! சிரிங்க, சிரிங்க. நம்ம சுற்றுலாவுல அடுத்த பப்பு தெருமுனையில. இருநூறு வருஷப் பழசு. நீங்க நடங்க, பின்னாலயே வந்துடறேன்… ஏம்மா, நீங்க போகலையா? கால் வலிக்குதா?

— கால் நல்லாத்தான் இருக்கு, மலாக்கி. அந்தப் பின் எனக்கு வேணும்.

— அடடே! போன வாரம் ஒரு ஜெர்மன்காரரும் கேட்டாரு. சாமி சத்தியமா அது விக்கிறதுக்கு இல்லம்மா.

— விலைக்குக் கேக்கலை. நான் ஃபின்டன் மக. டெர்வ்லா.

— யாரு? நம்ம ஃபின்டனா?

— செவ்வாய்க்கிழமை போயிட்டாரு. நாளைக்குக் காலையில அடக்கம்.

— ஐயோ சாமி… இரும்மா, நான் கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்.

— இருபத்தாறு வருஷம் குடிச்சாரு. கடைசி நாலு வருஷம் ஒரு சொட்டு தொடலை. புதுப் பின் வாங்கித் தரேன்னேன். “பழசைத்தான் குத்தணும், அதுக்கு இன்னும் எனக்குத் தகுதி வரலை”ன்னாரு. நாளைக்கு அவர் கோட்டுல அதைக் குத்தி அனுப்பணும்.

— எடுத்துக்கோ தாயி. கடைக்காரன்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா… நான் இப்ப சொன்ன கதை பொய்ம்மா.

— எது பொய்?

— ஊத்துடான்னு அவன் கேக்கவே இல்ல. நம்ம ஊரு டீம் கோப்பை ஜெயிச்ச நாளு அது. ஒரே கூத்து. நானும் நல்லா ஏத்தியிருந்தேன். விளையாட்டா அவன் லெமனேடுல விஸ்கியை ஊத்திட்டேன். அந்தச் சிவப்புல நிறமே தெரியலை. அவனுக்கோ மூக்கடைப்பு. பாதி கிளாஸ் இறங்கினப்புறம்தான் புரிஞ்சுது. என்னை ஒரு வார்த்தை திட்டலைம்மா. பின்னைக் கழட்டி மெதுவா மேசையில வெச்சான். “இனிமே இது எனக்கு ஆகாது”ன்னான். அப்புறம் இன்னொரு கிளாஸ் கேட்டான்.

— அப்புறமும் தினம் அவரைக் கோமாளியாக்கி ஊரைச் சிரிக்க வெச்சீங்க.

— அவன்தான் கேட்டான்னு சொல்லிச் சொல்லி, எனக்கே அது நிஜமாயிடும்னு பார்த்தேன். ஆகலை. முப்பது வருஷமா நெஞ்சுல கல்லு மாதிரி கெடக்கு. யார்கிட்டயும் சொன்னதில்ல. திட்டும்மா. நாலு அறை வேணும்னாலும் அறைஞ்சுட்டுப் போ.

— எனக்குத் திட்ட வாயில்ல, மலாக்கி.

— ஏன் தாயி? உன் அப்பனையே கெடுத்தவன் நான்.

— நீங்க மறந்துட்டீங்க. அன்னிக்கு எனக்கு ஏழு வயசு, அப்பா பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். ஊத்திட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிச்சீங்க. “மூச்சு விடக்கூடாது”ன்னு ஒரு சிப்ஸ் பாக்கெட் குடுத்தீங்க. அப்பா கிளாஸைத் தூக்குறாரு, நான் சிப்ஸைத் தின்னுட்டு இருந்தேன்.