டெல்மர் பிடித்த மீன்

மீன் எந்த இரைக்கு மாட்டியது என்றுதானே கேட்டீர்கள்? பரவாயில்லை, எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். டெல்மரை அடக்கம் செய்த அன்று, சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தவர்கூடத் தலையைப் பாதி திருப்பி அதைத்தான் கேட்டார்.

சொல்கிறேன். ஈயக்குண்டு வைத்த கொக்கியில் கோத்த ரப்பர் இறால். பழுப்பு நிறம், வாலில் ஒரு கீற்று நீலம். பிப்ரவரியில் கோல்டர் ஏரித் தண்ணீர் நாற்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாது. அந்தக் குளிரில் பாஸ் மீன் இரையைத் துரத்தாது. வாய்க்கு நேரே வந்தால்தான் வாயைத் திறக்கும். அதனால் இரையை அடித்தரையில் கிடத்தி, தூண்டில் கம்பு நுனியால் ஒரு சாண் இழுத்து, நிறுத்தி, மறுபடி ஒரு சாண் இழுக்க வேண்டும். வெடுக்கென்று சுண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஈர இலை ஒட்டியதுபோலத் தூண்டில் நரம்பு லேசாகக் கனக்கும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் ஏரி தெளிந்திருப்பதால் நான் எட்டு பவுண்டு தாங்கும் மெல்லிய நரம்புதான் போடுவேன். தடித்த நரம்பை மீன் பார்த்துவிடும். நீங்களும் தூண்டில் போடுகிறவர் என்று வெளியே சொன்னார்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

டெல்மர் ஹக்கபி என் தங்கை லூரீனின் கணவன். பதினாறு வருடம் ஒரே படகில் மீன் பிடித்தோம். எங்கள் மீன்பிடிச் சங்கத்துப் போட்டியில் படகுக்கு இரண்டு பேர். ஒருவர் தூண்டிலில் மீன் மாட்டினால் மற்றவர் தன் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கைவலையை எடுக்க வேண்டும். அது சட்டமில்லை, பழக்கம். அதில் டெல்மர் கெட்டிக்காரன். என் மீன் ஒன்றைக்கூட அவன் தவறவிட்டதில்லை. வாய்தான் சும்மா இருக்காது.

பிப்ரவரிப் போட்டியன்று காலை எட்டரை இருக்கும். பெரிய எஞ்சினை அணைத்துவிட்டு, முன்பக்கத்துச் சின்ன மின்மோட்டாரைக் காலால் மிதித்து, மூழ்கிய மரங்களின் ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்தோம். பெரிய எஞ்சின் ஓடும்போதுதான் உயிர்காப்பு ஜாக்கெட் கட்டாயம். அணைத்ததும் எல்லோரும் கழற்றிவிடுவோம், தூண்டில் வீசும்போது தோளை இடிக்கும். நாங்களும் கழற்றியிருந்தோம்.

"என்ன மச்சான், இரையைத் தாலாட்டித் தூங்க வைக்கிறியா?" என்று டெல்மர் பின்னாலிருந்து கேட்டான்.

"நீ உன் வேலையைப் பாருடா."

"உனக்கு மாட்டினாத்தானே எனக்கு வேலை. இந்த வருஷமும் வலையை நனைக்காம வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்போல."

அப்போதுதான் நரம்பு கனத்தது.

மீன் ஒருமுறை மேலே வந்து புரண்டது. டெல்மர் பேச்சை நிறுத்திவிட்டான். வலையோடு முன்னால் வந்து, விளிம்பில் முழங்காலை ஊன்றிக் குனிந்தான். மீன் படகுக்கு அடியில் பாய்ந்தது. அவன் இன்னும் குனிந்தான். வலை படகுக்குள் விழுந்தது, அவன் தண்ணீரில் விழுந்தான்.

உங்கள் போலீஸ் ஆட்களிடம் அன்று நான் சொன்னது வேறு. மீனைப் பிடித்தவன் டெல்மர், அதைப் படகுத் தொட்டியில் விட்டுவிட்டுச் சந்தோஷத்தில் எழுந்தபோது கால் தவறினான், நான் பின்னால் திரும்பிக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன் என்றேன். நம்பினார்கள். என் மீன் என்று சொல்லியிருந்தால், அவன் விழுந்தபோது உன் கைகள் என்ன செய்தன என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

என் கைகள் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

டெல்மர் மேலே வந்தான். பஞ்சு வைத்த குளிர் உடையும் பூட்ஸும் தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டன. இடது கையால் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டான். மூச்சு வாங்கியதே தவிர, அவன் பயந்ததாகத் தெரியவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்தேனே, மூன்றடி தூரத்தில்.

"மச்சான், கையைக் குடு."

"ஒரு நிமிஷம்டா."

"கம்பைப் போடுடா ராய்ஸ். கை மரத்துப்போவுது."

மீன் மூழ்கிய மரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கிளைக்குள் புகுந்துவிட்டால் நரம்பு அறுந்துவிடும். அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான்: படகை மரத்திலிருந்து விலக்கி, மீனை ஆழத்துக்கு இழுத்துவர வேண்டும். நான் மோட்டாரை மிதித்தேன்.

அவன் கையைக் கவனிக்காமல் மோட்டாரை மிதித்துவிட்டேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிப் பார்த்தேன். மனம் ஏற்கவில்லை. விளிம்பில் நான்கு விரல்கள் இருந்தன. ஒன்றில் என் தங்கை போட்ட மோதிரம் இருந்தது. பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் மிதித்தேன். படகு நகர்ந்தது, விரல்கள் நழுவின.

மீனை நானே வலையில் அள்ளினேன். கொக்கியைக் கழற்றி, படகுத் தொட்டியில் விட்டு, காற்றுக்குழாயைத் திறந்தேன். அது செவுளை அசைக்கும்வரை வயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தேன். பெரிய மீனைத் தாடையில் தொங்கவிடக் கூடாது, எலும்பு விட்டுப்போகும். அதன் பிறகுதான் திரும்பினேன். தண்ணீரில் அவனுடைய தொப்பி மட்டும் கிடந்தது.

இப்போது இரை விற்கும் கடையின் பலகையில், ஏரியின் பெரிய மீன்கள் வரிசையில், முதல் பெயர் டெல்மருடையது. லூரீன் அந்த மீனின் அளவிலேயே ஒரு பொம்மை செய்யச் சொல்லி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கோழி வறுத்துப் போடுகிறாள். தட்டை நீட்டிக்கொண்டே கேட்கிறாள்.

"அண்ணே, இன்னொரு தடவை சொல்லேன். மீனைப் பாத்ததும் அவரு என்ன செஞ்சாரு?"

"சிரிச்சான்மா."

"சந்தோஷமாத்தானே போனாரு?"

"ஆமா."

ஏழு மாதமாக இந்த 'ஆமா'வைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தங்கையை விதவையாக்கிவிட்டு அவள் கையாலேயே வாங்கிச் சாப்பிடுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. தூக்கம் இல்லை. என்னை யாரும் சந்தேகப்படவில்லை, அது உங்களுக்கே தெரியும். அவளுக்கு உண்மை தெரிய வேண்டும் என்றுதான் நானாகவே வந்தேன். டெல்மரைச் சாகவிட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் எதிர்த்துப் பேசமாட்டேன்.

ஆனால் உண்மை என்று வந்துவிட்டால் அது முழு உண்மையாக இருக்க வேண்டும், இல்லையா? இரைக் கடைக்காரரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார். பலகையில் பெயரை மாற்றி எழுதச் சொல்லுங்கள். ராய்ஸ் டிட்மோர், பதின்மூன்று பவுண்டு இரண்டு அவுன்ஸ். அது என் மீன்.