காய்ச்சல் இல்லாத லீவு லெட்டர்

இல்ல டீச்சர், உக்காரல. உக்காந்தா கையெழுத்துப் போட்டுருவேன்னு உங்களுக்கு ஒரு நெனப்பு வந்துரும். நின்னுக்கிட்டே பேசறேன். அந்தப் பேனாவ மொதல்ல மூடி வைங்க, மை காஞ்சுரப் போகுது.

சொன்னாங்க, சொன்னாங்க. ஃபோன்ல நீங்க சொன்னீங்க, வாசல்ல ப்யூன் சொன்னாரு, இப்ப மறுபடியும் நீங்க சொல்றீங்க. பேத்தி பேருல மன்னிப்புக் கடிதம் டைப் அடிச்சு வச்சிருக்கீங்க. வீட்லேருந்து பெரியவங்க யாராவது வந்து கையெழுத்துப் போடணும். போட்டாத்தான் திங்கக்கிழமை முழுப்பரீட்சைக்கு உக்கார விடுவீங்க. போடலேன்னா இதே எட்டாவதுல இன்னொரு வருஷம். சரிதான? புரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்கேன். அவ அப்பன் லாரி ஓட்டறான், இருபது நாளைக்கு ஒருதரம்தான் வீட்டப் பாப்பான். அம்மாக்காரிக்கு தையல் கம்பெனில லீவு கெடைக்கல. மிச்சம் இருக்கறது நாந்தான். தாத்தன். வேல வெட்டி இல்லாதவன். எனக்கு நெறைய நேரம் இருக்கு, உங்களுக்குத்தான் இல்ல போல, கடிகாரத்தையே பாக்கறீங்க.

என்ன பண்ணிட்டா அவ? எவ பையிலயாவது கைய விட்டாளா? ஜன்னல் கண்ணாடிய உடைச்சாளா? மாசப் பரீட்சைல ஒரு கேள்வி கேட்டீங்க. வகுப்பு ஆசிரியருக்கு விடுமுறை விண்ணப்பம் எழுதுக. அவ எழுதினா. எனக்குக் காய்ச்சல் இல்லை. வியாழக்கிழமை காலைல எங்கப்பா வர்றாரு, சாயங்காலம் திரும்ப லாரி ஏறிருவாரு. நான் பள்ளிக்கூடம் வந்துட்டா அவரு முகத்தப் பாக்க இன்னும் இருபது நாளாகும். அதனால எனக்கு ஒரு நாள் லீவு வேணும். அவ்ளோதான். நாலு வரி. அதுக்கு நீங்க செகப்பு மைல ஒரு முட்டையப் போட்டு, பக்கத்துல அதிகப்பிரசங்கித்தனம்னு எழுதி அனுப்பிருக்கீங்க. அந்த ஒத்த வார்த்தையே அவ எழுதினதுல பாதி நீளம் இருக்கும்.

எனக்கு எப்படித் தெரியுமா? அவதான் வாசிச்சுக் காட்டினா. எனக்கு வாசிக்க வராது டீச்சர். அஞ்சாவதோட நின்னவன், அதுவும் அம்பது வருஷத்துக்கு முன்னாடி. அப்பப் படிச்சதெல்லாம் எப்பவோ கழுவிப் போச்சு. கையெழுத்து ஒண்ணு போடுவேன், அதோட சரி. வீட்ல எல்லாருக்கும் தெரியும். தெருவுக்கே தெரியும்.

ஓ, தாள்ல எழுதினதுக்காக இல்லையா? எதுத்துப் பேசினதுக்கா? சரி, அதையும் பேசுவோம். எந்திரிச்சு நின்னு கேட்டிருக்கா. இல்லாத காய்ச்சல இருக்குன்னு ஏன் டீச்சர் எழுதணும்னு. கிளாஸே சிரிச்சுருச்சாம். அதான உங்களுக்குக் குத்துது? அவ கேட்டது குத்தல, அவங்க சிரிச்சது குத்துது. நீங்களும் சேந்து சிரிச்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சுபோயிருக்கும்.

ஏன் டீச்சர், உங்க கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்களா? முப்பத்தொம்பது பேருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல். ஒரே மாதிரி காய்ச்சல். கடுமையான காய்ச்சலால் அவதிப்படுவதால். ஒருத்தனுக்காவது வயித்து வலி வரக்கூடாதா? ஒருத்தி வீட்லயாவது கல்யாணம் காச்சின்னு ஒண்ணு வரக்கூடாதா? கொள்ளைநோய் வந்தாக்கூட இப்படி வரிசையா வந்து படுக்காது. அத்தனையும் பொய்னு உங்களுக்கும் தெரியும், எழுதின பிள்ளைங்களுக்கும் தெரியும். அதுக்கெல்லாம் அஞ்சுக்கு அஞ்சு. உண்மைய எழுதின ஒருத்திக்கு முட்டை.

மாதிரி. ஆமா, அந்த வார்த்தைதான். மாதிரிக் கடிதம். அத மாத்தி எழுதக் கூடாது, மார்க் போயிரும். நல்லாத் தெரியும் எனக்கு அந்த மாதிரிய.

என்ன கேட்டீங்க? வேற என்னத்தச் சொல்லிக் குடுக்கறது, நீங்களே சொல்லுங்கன்னா? நக்கலாத்தான் கேக்கறீங்க. பரவால்ல, சொல்றேன். இத்தன வருஷத்துல என்னய யாரும் கேட்டதில்ல.

ஒண்ணாவதுல பேரு எழுதட்டும். அதுல ஒண்ணும் சண்டையில்ல. மூணாவது வரும்போது, இன்னைக்குக் காலைல என்ன சாப்பிட்டேன்னு எழுதட்டும். நெஜமா சாப்பிட்டத. பாலும் பழமும்னு புஸ்தகத்துல போட்டிருக்கறத இல்ல. சாப்பிடலேன்னா சாப்பிடலேன்னு எழுதட்டும், அத வாசிக்கறதுக்கு உங்களுக்குத் தெம்பு வேணும். அஞ்சாவதுல, அடிபட்டா அடிபட்டுச்சுன்னு மட்டும் எழுதிட்டு நிக்கக் கூடாது. எங்க, எப்ப, பக்கத்துல யாரு இருந்தா, யாரு வேண்டாம்னு சொல்லியும் செஞ்சா, எல்லாத்தையும் எழுதணும். பசுமாட்டப் பத்திப் பத்து வரி எழுதி என்ன ஆகப் போகுது? மாடு வந்து வாசிக்கவா போகுது? ஏழாவது எட்டாவதுல... இருங்க, குறுக்க பேசாதீங்க, நீங்கதான கேட்டீங்க? எட்டாவதுல, எனக்கு இது வேணும்னு கேட்டு எழுதத் தெரியணும். கெஞ்சாம. பணிவன்புடன் பணிவன்புடன்னு பத்துதரம் குனியாம. பத்தாவது முடிச்சு வெளிய வர்றப்ப, முடியாதுன்னு எழுதத் தெரியணும். நான் இதுக்கு ஒத்துக்கலன்னு எழுதத் தெரியணும். அது தெரியாம பத்தாவது பாஸாக்கி அனுப்பறீங்களே, அவன வெளிய கசாப்புக்கு அனுப்பற மாதிரிதான்.

கோபம்தான். ஆமா, குரல் ஏறுது. ஏறட்டும். ப்யூன் எட்டிப் பாக்கறாரு பாருங்க, அவருக்கும் கேக்கட்டும்.

எதுக்கு இவ்ளோ ஆத்திரம்னா? இந்த இடது கையப் பாருங்க. ஏன் மூஞ்சியத் திருப்பறீங்க, கடிக்காது. இங்க ரெண்டு விரல் இல்ல. தெருவுல என் பேரே மூணுவிரலுதான். சின்னப் பசங்ககூட மூணுவிரலு தாத்தான்னுதான் கூப்பிடும்.

அட்டைப்பெட்டி கம்பெனில வேல. அட்டைய வெட்டற மிஷின்ல நான் பத்தொம்பது வருஷம் நின்னேன். கத்திக்கு மேல ஒரு தகரக் கூடு இருக்கும், கை உள்ள போயிராம இருக்க. அட்டை அதுல சிக்குது, எடுத்து எடுத்து விட நேரம் ஆகுதுன்னு சூப்பர்வைசர் அதக் கழட்டி மூலைல சாத்திட்டான். மூணு தடவ சொன்னேன், மாட்டுங்கய்யான்னு. உனக்குப் பயமா இருந்தா வீட்ல போயி கோலி விளையாடுன்னான். நாலாவது தடவ சொல்றதுக்கு முன்னாடி விரல் போயிருச்சு.

கட்டுப் பிரிச்சு வேலைக்குப் போனா, மேனேஜர் கூப்பிட்டு, என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்கறாரு. அத வச்சுத்தான் முடிவு பண்ணுவோம்னாரு. பையன், அதான் இவ அப்பன், அப்ப பத்தாவது. இதே பள்ளிக்கூடம். ஆமா, இதே கட்டடம், மேல அந்தக் கடைசி ரூம். நீங்க அப்பப் பொறந்து தவழ்ந்துக்கிட்டு இருந்திருப்பீங்க. கட்டுரைல அவன்தான் எப்பவும் மொதல். எல்லாத்தையும் அவன்கிட்ட சொன்னேன். கூடு கழட்டினது, மூணுதரம் சொன்னது, கோலி விளையாடச் சொன்னது, ஒண்ணு விடாம. கேட்டுக்கிட்டான். உள்ள போயி எழுதிட்டு வந்தான்.

அவனுக்கு மூணு லெட்டர்தான் தெரியும் டீச்சர். லீவு லெட்டர், நன்றி சொல்ற லெட்டர், மன்னிப்பு கேக்கற லெட்டர். இந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தது அந்த மூணுதான். மேனேஜருக்கு எழுதறதுன்னா எதுல சேரும்? அவன் யோசிச்சுப் பாத்து மூணாவதுல போட்டான். எனது கவனக்குறைவால் நேர்ந்த தவறை முழுமையாக உணர்ந்து வருந்துகிறேன். இனி இவ்வாறு நடவாது என உறுதி அளிக்கிறேன். மாதிரில இருந்தது அப்படியே, ஒரு எழுத்து மாறல. கூடும் இல்ல, சூப்பர்வைசரும் இல்ல. இனி இவ்வாறு நடவாதாம். எப்படி நடக்கும்? போன விரல் திரும்ப மொளைச்சாத்தான நடக்கும்?

மேனேஜர் அத வாசிச்சுக் காட்டிட்டு, நீயே ஒத்துக்கிட்டியேப்பா, நான் என்ன பண்ணட்டும்னாரு. கவனமில்லாத ஆள மிஷின்ல நிறுத்த முடியாதுன்னு அன்னைக்கே வெளிய அனுப்பிட்டாங்க. சூப்பர்வைசர் கம்பெனி வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினான்.

வீட்டுக்கு வந்தேன். அக்கம்பக்கம், மச்சான், மாமியார், எல்லாரும் கூடி நிக்கறாங்க. அவங்க முன்னாடி வச்சுப் பையனக் கேட்டேன். உங்கப்பனுக்கு வாசிக்கத் தெரியாதுங்கற தைரியத்துலதானடா இப்படி எழுதினே? நோட்டு அத்தனையும் கொண்டுபோயி எடைக்குப் போட்டான். பரீட்சைக்குப் போகல. அதுக்கப்புறம் அவன் பேனாவத் தொட்டு நான் பாத்ததில்ல. லாரில சரக்கு எறக்கற எடத்துலகூட, சீட்டு எழுதணும்னா கிளீனர எழுதச் சொல்லுவானாம். இந்தப் பிள்ளைக்கு மொதமொதல் சிலேட்டுல எழுத்து போட்டுக் குடுன்னாக்கூட, அம்மாகிட்ட போம்மான்னு நகந்துட்டான். என்கிட்ட மரியாதையாத்தான் இருக்கான். ஒரு சொல் குறைவு கெடையாது. அதுதான் தாங்கல.

ஆமா, நேரமாச்சு. ஹெட்மாஸ்டர் வந்துருவாரா? வரட்டும். நீங்க அந்தக் கடிதத்தை வாசிங்க, கேட்டுட்டு ஒரு முடிவு சொல்லிடறேன். டெஸ்க்குலயே வச்சு வாசிங்க, எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

ம்.

ம். முழுமையாக உணர்ந்து வருந்துகிறேன். அதேதான். காகிதம்தான் புதுசு.

முடிஞ்சுதா? அவ்ளோதானா? அந்த மூணாவது வரி என்னாச்சு டீச்சர்? மீண்டும் இவ்வாறு நடந்தால் பள்ளியிலிருந்து நீக்கச் சம்மதிக்கிறேன்னு ஒண்ணு இருக்கே. அதத் தாண்டிக் குதிச்சுட்டீங்களே.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஆமா, வாசிப்பேன். தலைகீழா இருந்தாலும் வாசிப்பேன், நீங்க அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் நின்னாலும் வாசிப்பேன். அஞ்சாவது வரைக்கும் போனவன், எங்க போகும் எழுத்து?

அன்னைக்கும் வாசிச்சேன். பையன் எழுதிட்டு வந்து நீட்டினான்ல, ரெண்டு தடவ வாசிச்சேன். ஸ்கேல் வச்சு ஓரத்துல கோடு போட்டிருந்தான். ஒரு அடித்தல் கெடையாது, எழுத்து அச்சுல போட்ட மாதிரி. முட்டியக் கட்டிக்கிட்டு எதுக்க உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தான். வருந்துகிறேன்ங்கற எடத்துல நான் நின்னேன். இது தப்புடான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அஞ்சாவதுக்காரன் பத்தாவதுக்காரனப் பாத்து எப்படிச் சொல்றது? ஆபீசுக்கெல்லாம் இப்படித்தான் எழுதணும் போல, நமக்கு என்ன தெரியும்னு நெனச்சுக்கிட்டேன். அவன் மூஞ்சி வாடிருமேன்னும் இருந்துச்சு. நல்லாயிருக்குடான்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வேல போச்சு. நீ வாசிச்சுப் பாக்கலயான்னு ஊரே கேட்டுச்சு. எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்னுட்டேன். வாய்ல வந்தது அதுதான். அன்னைலேருந்து இருபத்திமூணு வருஷமா எனக்கு வாசிக்கத் தெரியாது.

வேண்டாம், தண்ணி வேண்டாம். உங்க இரக்கத்த நீங்களே வச்சுக்குங்க. இந்தக் கடிதத்துல என் கையெழுத்து விழாது. அவ பரீட்சைத் தாள் உங்க டிராயர்ல இருக்குல்ல, அத எடுங்க. ஹெட்மாஸ்டர் வந்ததும் நானே வாசிக்கறேன், கடைசி பெஞ்சுக்குக் கேக்கற மாதிரி. அதக் கேட்டுட்டு அவரு அவளப் பரீட்சைக்கு உக்காரக் கூடாதுன்னு சொல்லட்டும், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்.

தெரியும், அவ வெளிய வராண்டால பெஞ்சுலதான் உக்காந்திருக்கா. கேக்கும். தாத்தா பள்ளிக்கூடத்துல வாசிச்சாருன்னு அப்பன் வந்ததும் வராததுமா சொல்லிருவா. சொல்லட்டும். அவன் மொதல்ல நம்ப மாட்டான். அன்னைக்கு நான் தாளச் சும்மா பாத்துக்கிட்டிருந்தேன்னுதான் இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கான். போன தடவ வந்தப்பக்கூட, கெளம்பற அவசரத்துல செருப்பக் கழட்டிட்டுத் திரும்ப உள்ள வந்து, என் மாத்திரை அட்டைய வெளிச்சத்துல புடிச்சு, இது காலைல, இது ராத்திரின்னு ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டிட்டுத்தான் லாரி ஏறினான்.