இரண்டு தோளும் மூடும்படி

வெயில் காலத்தில் டை கட்டிக்கொண்டு வா என்று சொல்கிற ஆள் நான் இல்லை, சார். அம்பத்தூர் எஸ்டேட் புழுக்கம் எனக்கும் தெரியும். ஆண்கள் சட்டையை உள்ளே விட வேண்டும், பெண்களுக்குச் சுடிதார், துப்பட்டா. நான் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனி மண்ணூர்பேட்டையில். மாடியில் ஆபீஸ், கீழே லேத் பட்டறை. ஆபீசுக்கு ஒரு உடை ஒழுங்கு வேண்டும் என்று முதலாளி கஜபதி சொன்னார். மேலாளர் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. எல்லாரையும் உட்கார வைத்துப் பேசித்தான் முடிவு செய்தேன்.

வரலட்சுமி தரப் பரிசோதனையில் இருந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. பேன்ட், சட்டைதான் போடுவாள். கூட்டத்தில் எழுந்து, "கீழே மெஷின் ஓடுது சார், துப்பட்டா மாட்டிக்கும். சந்தேகமா இருந்தா ஒரு நாள் நீங்க போட்டுக்கிட்டு லேத் பக்கத்துல நின்னு பாருங்க," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பட்டறை சூப்பர்வைசர் ஜெகன் பிறகு என் அறைக்கு வந்தான். "அந்தம்மா சொல்றது கரெக்டு சார். லேத்துக்குப் பின்னாடி ராடு நீட்டிகினு சுத்தும். துணி நுனி பட்டா போதும், ஆளையே இஸ்துகினு பூடும்," என்றான். எந்த லேத், எவ்வளவு பக்கத்தில் போனால் என்றெல்லாம் விவரமாகக் கேட்டுக்கொண்டேன். அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பட்டறைக்கு மட்டும் விலக்கு என்று எழுதி வைத்திருந்த வரியை அன்று மாலை எடுத்துவிட்டேன். விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அவள் சுடிதாருக்கு மாறினாள். ஆனால் கீழே போகும்போது துப்பட்டாவை நாற்காலியில் போட்டுவிட்டுப் போவாள். எனக்குக் கோபம் வராது.

புனேயிலிருந்து வாடிக்கையாளர்கள் வந்த அன்று அந்தத் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். பெரிய லேத்துக்குப் பின்னால் முடிந்த உருப்படிகளை அளந்துகொண்டிருந்தாள். அங்கே நின்றிருந்த முதலாளி, வந்தவர்கள் எல்லார் முன்னாலும் நீட்டினேன்.

"மெஷின் ஓடுது சார்," என்றாள் மெதுவாக.

நான் கையை இறக்கவில்லை. அவள் முதலாளியைப் பார்த்தாள். அவர் போனைப் பார்த்தார். வாங்கி ஒரு தோளில் போட்டாள். இரண்டு தோளும் மூட வேண்டும் என்று ஞாபகப்படுத்தினேன்.

ஜெகன் மெஷினை நிறுத்தப் போனான். வந்தவர்களுக்கு அறிமுகம் செய்கிற மாதிரி அவன் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன். பிறகு, "ஒரு பீஸ் எடுத்துக் காட்டும்மா," என்றேன். அவள் குனிந்தாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாள். சத்தம் கேட்ட பிறகும் நான் ஜெகன் கையை உடனே விடவில்லை. இதை அவன் சொல்லியிருப்பான், உண்மைதான்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள் சார், அவள் அப்பா அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும். அன்றைக்கு அவள் உடையில் ஒரு குறை சொல்ல முடியாது.