தானாக வராது

என் தங்கையின் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சார்ஜரையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் வக்கீலம்மா. அந்த மாடலுக்கு இப்போது சார்ஜர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அநியாயத்துக்குச் சூடாகிறது.

அதை ஆய்வுக்கு அனுப்பப் போவதாக என் தங்கையிடம் சொன்னீர்களாம். வேண்டாத வேலை. அதில் என்ன இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் எல்லாருடைய கணினியையும் பார்த்துக்கொள்கிறவள் நான்தான், அதனால் உங்கள் ஆளைவிடத் தெளிவாகவே சொல்வேன். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கதவை மட்டும் சாத்திக்கொள்ளலாம்.

எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அவளுக்குத் தலை பின்னியது, ஜுரம் வந்தால் கண் விழித்தது, கல்லூரியில் சேர்த்தது எல்லாம் நான். மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். வந்தவர்களிலேயே இவர்தான் கொஞ்சம் அசடாகத் தெரிந்தார். இப்படிப்பட்டவர் அவளை முழுசாகத் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார் என்று கணக்குப் போட்டேன். அசடுகளை நம்பவே கூடாது. அவர் சொல்கிற அரைகுறை ஜோக்குக்கெல்லாம் அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். என்னோடு இருந்த வருஷங்களில் அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒரு நாள் அவளாகவே போன் செய்தாள். குழந்தை வண்ணம் தீட்டுவதற்கு இலவசப் படம் தேடி ஏதோ ஒரு வெப்சைட்டுக்குப் போயிருக்கிறாள். அனுமதி கேட்டுத் திரையில் ஒரு பெட்டி வந்திருக்கிறது. படிக்காமலே சரி என்று தட்டிவிட்டாள், எல்லாரும் செய்வதுதான். அதற்குப் பிறகு திரையின் மூலையில் விளம்பரம் பெட்டி பெட்டியாக முளைக்க ஆரம்பித்துவிட்டது. யாரும் கேட்காமலே என்னென்னவோ டவுன்லோட் ஆகிக்கொண்டிருந்தது. இது வைரஸ் இல்லை. பிரவுசரின் செட்டிங்ஸில் போய், எந்தெந்த சைட்டுக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பார்த்து, அதை எடுத்துவிட்டால் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை. நான் அவள் வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் வரை செய்தேன்.

அவள் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நேரம் அவள் எனக்குக் கிடைத்தது அன்றுதான். கிளம்பும்போது ஒரே ஒரு சைட்டை மட்டும் எடுக்காமல் விட்டு வைத்தேன். அடுத்த வாரமும் கூப்பிட்டாள். அதற்கடுத்த வாரமும்.

பின்னால் நின்று வேடிக்கை பார்த்த மாப்பிள்ளை எப்போது வேலையைக் கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை. ஒரு வாரம் போன் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன்.

"அவரே சரி பண்ணிட்டாருக்கா. இனிமே இதுக்காக நீ அலைய வேண்டாம்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். பின்னாலிருந்து அவர் என்னவோ சொன்னார். போனை வைப்பதற்குள்ளேயே அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

குழந்தையின் பிறந்த நாளுக்குப் போயிருந்தேன். எல்லாரும் கூடத்தில் பலூன் ஊதிக்கொண்டிருந்தார்கள். படுக்கையறையில் லேப்டாப் திறந்தபடியே கிடந்தது. கல்யாணமான பெண்களுக்கு வீட்டுக்குத் தெரியாமல் ஆண் சிநேகிதம் பிடித்துத் தருகிற வெப்சைட் ஒன்று உண்டு. அலுவலகத்தில் ஒருவருடைய கணினியிலிருந்து அதைத் துடைத்து எடுத்திருக்கிறேன், அதனால் பெயர் ஞாபகம் இருந்தது. அதைத் திறந்தேன். பெட்டி காட்ட அனுமதி, கேட்காமலே படம் இறக்க அனுமதி, இரண்டும் கொடுத்தேன். அவள் பெயரில் கணக்கெல்லாம் தொடங்கவில்லை. அந்த அளவுக்கு நான் தரம் இறங்கவில்லை. பிறகு கூடத்துக்கு வந்து நானும் பலூன் ஊதினேன். உங்கள் ஆள் பார்த்தால் அனுமதி கொடுத்த நாளும் நேரமும் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் அந்த அறையில் இருந்தது நான் ஒருத்திதான்.

கொஞ்ச நாளில் மாப்பிள்ளை என் அலுவலகத்துக்கே வந்தார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். திரையைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வரிசையாக ஆண்கள், சட்டை போட்டவர்கள் குறைவு. ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்.

"இதெல்லாம் தானா வருமாக்கா?"

ஆமாம் என்ற ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதர் முகம் அப்படி ஏங்கி நான் பார்த்ததில்லை.

"தானா வராது மாப்பிள்ளை. யாராவது உள்ள போயி சரின்னு சொல்லியிருக்கணும்."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருத்தி உள்ளே போய்ச் சரி என்று சொல்லித்தான் இருந்தாள். யார் என்று அவர் கேட்கவில்லை. ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் புதிதாக ஒரு தலையணை வாங்கினேன்.

அவர் கத்துகிற ரகம் இல்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார். அவள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அவள் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள், அதையும் அவர் நம்பவில்லையாம். அவள் என்னிடம் ஓடி வந்தாள்.

"நீயாவது சொல்லேன்க்கா, நான் எதுவும் பண்ணலைன்னு. நீ சொன்னா அவரு நம்புவாரு."

அவள் சொன்னது சரி. நான் சொன்னால் நம்புவார். நம்பிவிட்டுத்தான் அப்படி உட்கார்ந்திருந்தார். பேசிப் பார்க்கிறேன் என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினாயா என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. கிள்ளியது வாஸ்தவம். ஆனால் என்னைப் போலத் தொட்டில் ஆட்ட யாரால் முடியும்? அந்த மாதமே அவள் ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். குழந்தையை அவர் விடவில்லை.

மாப்பிள்ளை அசடுதான், ஆனால் முழு அசடு இல்லை. அவரோடு வேலை செய்கிற யாரிடமோ படங்களைக் காட்டியிருக்கிறார். கைதவறி ஒரு தட்டுத் தட்டினாலே இதெல்லாம் வந்து குவியும், இதை வைத்தா பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டாய் என்று அந்த ஆள் திட்டியிருக்கிறார். அதை அப்படியே அவளுக்கு மெசேஜில் எழுதினார். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். போன் என் கையில் இருந்தது. தப்பு என்னோடதுதான், பாப்பா உன்னைத் தேடி அழுறா, வந்துடு என்று முடித்திருந்தார்.

படித்துவிட்டு அழித்தேன். அவருடைய எண்ணைத் தடுத்தேன். அவர் அனுப்பும் மின்னஞ்சல் அவள் கண்ணில் படாமல் நேரே குப்பைக்குப் போகும்படி செய்தேன். வேண்டாதது திரையில் வந்து விழாமல் பார்த்துக்கொள்வதுதானே என் தொழில். அந்தக் குப்பையைத் திறந்து பாருங்கள், இன்று காலை எழுதியது வரை இருக்கும்.

ஒரு தடவை நேரிலேயே வந்துவிட்டார். அவள் கடைக்குப் போயிருந்தாள். உங்கள் முகத்தில் முழிக்கவே அவளுக்கு விருப்பமில்லை, எதுவானாலும் வக்கீல் மூலமாகப் பேசச் சொல்கிறாள் என்றேன். குழந்தை வரைந்த படம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அது என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அவளாகப் போனை எடுத்து அவரைக் கூப்பிடப் போகும்போதெல்லாம், கூப்பிடாத வீட்டுக்கு நாமாகப் போய் நின்றால் என்ன மரியாதை என்று கேட்பேன். என் பேச்சைத் தட்ட மாட்டாள். கடைசியில் குழந்தையையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் உங்களிடம் வந்தாள். கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை, பெற்ற குழந்தையைக் காட்ட மறுக்கிறார் என்று நீங்கள் எழுதியிருக்கிற மனுவைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை.

இப்போது அவள் சிரிப்பதில்லை. சாப்பாடும் பாதியில் நின்றுவிடுகிறது. ஆனால் நான் வேலை முடிந்து வரும்போது வீட்டில் இருக்கிறாள். சாயங்காலம் தலை பின்னிவிட உட்கார வைத்தால், சின்ன வயதில் உட்கார்ந்த மாதிரியே அசையாமல் உட்காருகிறாள்.

நீங்கள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பார். கூப்பிடுவது உங்கள் இஷ்டம். எனக்கு என்ன வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். செய்தது நான் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்காக இல்லை. அவள் தாங்க மாட்டாள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?