எங்களுக்கும் சேர்த்து ஓதுங்கோ

"பொம்மர் வருது! ஓடுங்கோ! பங்கருக்குள்ள ஓடுங்கோ!"

ஓடுகிறோம். எனக்குப் பதினாலு வயது. இடுப்பில் தங்கச்சி ஸஹ்ரா. உம்மாவின் செருப்பு வேலியடியில் கழன்று கிடக்கிறது. எடுக்க நேரமில்லை.

யாழ்ப்பாணம். தொண்ணூறாம் ஆண்டு. எங்கள் வீடு முஸ்லிம் தெருவின் கடைசி வீடு. அடுத்த வளவு சைவக்காரர், என் சிநேகிதி செல்வராணியின் வீடு. பங்கர் குழி அவர்களின் வளவில். என் வாப்பாவும் செல்வராணியின் அப்பாவும் சேர்ந்து வெட்டியது. மேலே பனங்குற்றி. அதற்கு மேல் மண்மூட்டை. மூட்டைக்கான சாக்கையெல்லாம் தைத்தது வாப்பா. அவர் தையல்காரர்.

முதலில் விமானத்தின் இரைச்சல். பிறகு கூவல். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் கொடுமை. பிறகு நிலம் ஏறி இறங்குகிறது. வாயெல்லாம் மண்.

செல்வராணி என் கையைப் பிடித்திருக்கிறாள். என் வயது. என் வகுப்பு. உம்மா வாய்க்குள் முணுமுணுத்து ஓதுகிறா. இருட்டுக்குள் செல்வராணியின் அம்மா கத்துகிறா.

"சத்தமா ஓதுங்கோ நசீமா! எங்களுக்கும் சேர்த்து ஓதுங்கோ!"

உம்மா சத்தமாக ஓதினா. அன்று எல்லோரும் உயிரோடு வெளியே வந்தோம்.

அதே வருஷம். ஒக்ரோபர் மாதக் கடைசி. இந்த முறை விமானம் இல்லை. ஒலிபெருக்கி. முஸ்லிம்கள் எல்லோரும் மைதானத்துக்கு வரவேண்டும். போனோம். துவக்கு வைத்திருந்த இயக்கப் பெடியள் நின்றார்கள். ஊரை விட்டுப் போங்கள் என்றார்கள். இன்றைக்கே. வாப்பா ஏன் என்று கேட்டார். துவக்கின் முனை அவர் பக்கம் திரும்பியது. எங்களை விரட்டியவன் பேசியது வேறு பாஷை இல்லை. நான் பேசுகிற அதே தமிழ்.

சந்தியில் சோதனை. காதுத் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். இடது தோடு கழலவில்லை. ஒருத்தி பிடித்து இழுத்தாள். காது கிழிந்தது. நான் அழவில்லை. ஏனென்றால் அதே நேரம் நானாவை வரிசையிலிருந்து இழுக்கிறார்கள். ரிஸ்வான் நானா. என் ஒரே அண்ணன். பத்தொன்பது வயது.

"விசாரிச்சிட்டு அனுப்புவம். நீங்கள் ஏறுங்கோ!"

லொறி. உம்மா ஏறமாட்டேன் என்றா. தூக்கிப் போட்டார்கள். லொறி புறப்படும்போது செல்வராணி ஓடி வருகிறாள். கையில் தண்ணீர்ப் போத்தல். "பர்வீன்! பர்வீன்!" அவளை மறித்தார்கள். போத்தல் தெருவில் உருண்டது. அவளை நான் பிறகு காணவில்லை.

நானா வரவில்லை.

புத்தளம். ஓலைக் கொட்டில். மழை. கிணற்றில் சேறு. ஸஹ்ராவுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும். உம்மா மடியில் வைத்துக்கொண்டே இருந்தா. சூடு குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டா. அது சுகம் இல்லை.

வாப்பா இரவல் மெஷினில் தைத்தார். அடுத்த பெருநாளுக்கு வீட்டில் இருப்போம் என்பார். ஒவ்வொரு பெருநாளுக்கும் சொன்னார். ஒரு பெருநாளுக்கு முதல் நாள், யாரோ ஒரு பிள்ளையின் சட்டையைத் தைத்தபடி மெஷினில் தலை சாய்த்தார். எழும்பவில்லை.

கல்யாணம் முடித்து சிட்னிக்கு வந்தேன். கிரவீனில் வீடு. ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை. வென்ட்வேர்த்வில் தமிழ்க் கடைகளில் சாமான் வாங்குவேன். கல்லாவில் நிற்பவர் என் முக்காட்டைப் பார்ப்பார். "முஸ்லிமோ? தமிழ் நல்லாக் கதைக்கிறீங்கள்." இத்தனை வருஷமாக இதே வார்த்தை. பள்ளிவாசலில் மற்றப் பெண்கள் என்னை இந்தியாக்காரி என்பார்கள். மகள் சானாஸ் சின்ன வயதில் கேட்டாள். "உம்மா, ஆர் வீ டமில் ஓர் முஸ்லிம்?" இரண்டும் என்றேன். அவள் நம்பவில்லை.

போன வருஷம். வென்ட்வேர்த்வில்லில் ஒரு மண்டபம். போரில் இறந்தவர்களுக்கான நினைவுக் கூட்டம். எல்லோரும் வரலாம், உங்கள் உறவுகளின் படத்தைக் கொண்டுவாருங்கள் என்று கடைக் கதவில் ஒட்டியிருந்தது. எல்லோரும் என்றால் நானும்தானே. நானாவின் படத்தோடு போனேன். உம்மா லொறியில் நெஞ்சுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த படம். சானாஸும் வந்தாள்.

படம் வாங்கி வைப்பவர் மரியாதையாகத்தான் கேட்டார். "எப்பிடிச் செத்தவர்?" சொன்னேன். "ஆர் பிடிச்சது?" அதையும் சொன்னேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"தங்கச்சி, இது தமிழாக்களின்ர நாள். இதுக்குள்ள பிரச்சினை வேண்டாம்."

"நானும் தமிழ்தானே அண்ணை."

"உங்கட ஆக்கள் வேறை."

அவருக்குப் பின்னால் சுவர். சுவர் முழுக்கப் படங்கள். இரண்டாவது வரிசையில் வெள்ளைச் சட்டை. இரட்டைப் பின்னல். செல்வராணி.

எனக்குத் தெரியாது. அவள் எங்கோ இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். ரீச்சராக. உடம்பு வைத்து. பிள்ளைகளை ஏசிக்கொண்டு. அவரைத் தாண்டிப் போய்ச் சுவரைப் பிடித்தேன். ஒருவன் ஓடிவந்து பிடித்தான். முகத்தைப் பார்த்தான். "பர்வீன் அக்காவோ?" செல்வராணியின் தம்பி குமரன். பங்கருக்குள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு இருந்தவன். இப்போது தலை நரைத்துவிட்டது.

அவன் சொன்னான். தொண்ணூற்றைந்து. ஊரே வெளிக்கிட்டு ஓடுகிறது. மழை. வீதி முழுக்கச் சனம். ஆமி அடித்த செல் குண்டு விழுந்தது. அம்மாவின் மருந்துப் பை அக்காவின் கையில் அப்படியே இருந்தது.

இருவரும் அழுதோம். பிறகு கேட்டேன். "குமரன், நீ சொல்லு இவருக்கு. உனக்கு எங்களைத் தெரியும். ரிஸ்வானைத் தெரியும். உனக்குச் சைக்கிள் பழக்கினவர்."

அவன் அந்த மனிதரைப் பார்த்தான். சனத்தைப் பார்த்தான். கீழே பார்த்தான்.

"இண்டைக்கு வேண்டாம் அக்கா. பிறகு ஆறுதலாப் பாப்பம்."

கெட்டவன் இல்லை. அவனுக்கும் இந்த ஊரில் இந்தச் சனம்தான். அது எனக்கு விளங்கியது. விளங்கியதால் வலி குறையவில்லை.

"உம்மா, லெட்ஸ் கோ. ப்ளீஸ்." சானாஸ் கையை இழுக்கிறாள்.

போகவில்லை. கதிரைகளின் நடுவில் போய் நின்றேன். மைக் தரவில்லை. கத்தினேன். என் பெயர். எங்கள் தெரு. நானாவின் பெயர். யாரோ நினைவுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்கள். இன்னும் கத்தினேன். சிலர் எழும்பி வெளியே போனார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா கையைத் தூக்கினா. இரண்டு மகன்களின் படம் அவவின் மடியில்.

"பாட்டை நிப்பாட்டுங்கோ! அந்தப் பிள்ளை சொல்லட்டும்!"

பாட்டு நின்றது. சொன்னேன். நானாவின் படத்தை அவர்கள் சுவரில் வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்று சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இழந்தது ஒரு வீடு. வாப்பாவின் இரண்டு மெஷின்கள். ஒரு தெரு முழுக்க மனிதர்கள். தங்கச்சி ஸஹ்ரா, நடக்கத் தொடங்கியிருந்தவள். வாப்பா. செல்வராணி, அவளை எண்ண எனக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ரிஸ்வான் நானா.

நாலு பேர்.

உம்மா இன்னும் புத்தளத்தில் காத்திருக்கிறா. நானாவையும் சேர்த்து எண்ணிவிட்டேன் என்று அவவுக்கு நான் சொல்லவில்லை.