பதினேழாவது ஜாடி

பதினேழுதான் சார் இருந்துச்சு. இப்பப் பதினாறு. நீங்க எண்ண வேணாம், நானே சொல்லிட்டேனே.

உக்காருங்க சார். நீங்க நின்னுக்கிட்டுக் கேட்டா எனக்குப் பேச்சே வராது. மேடம் மாடியிலயா இருக்காக? அழுகுறாகளா? பாவம்.

இல்ல சார், விக்கல. இந்த துபாய்ல மீனா பஜார்ப் பக்கம் நான் தனியாப் போனதுகூட இல்ல. எங்க வீட்டுக்காரவுக உங்க டிரைவரா இருந்தாக, நான் இந்த வீட்டு வேலைக்காரி. ரெண்டு வருசமா அலமாரிச் சாவி எங்கிட்டதான இருக்கு. எடுக்கணும்னா இப்பவா எடுப்பேன்?

இந்த ஜாடியெல்லாம் மேடம் ஊருப் பழசு சார். எம்பது தொண்ணூறு வருசம் ஆச்சாம். அமெரிக்காவுல ஊர் ஊரா அலைஞ்சு சேத்தாகளாம். இந்தப் பூவெல்லாம் பொம்பளைக உக்காந்து வரைஞ்சதுன்னு சொல்லுவாக. நான் மூணாப்புதான், இங்கிலீசு தெரியாது. மேடம் என் வெரலப் புடிச்சு அடிப்பக்கத்தத் தடவிக் காட்டுவாக. முத்திரையச் சுத்தி வருசத்துக்கு ஒரு தீக்கொழுந்து. எண்ணுனா எந்த வருசத்துச் சாமான்னு தெரிஞ்சு போகும். நீங்க தேடுறது எட்டுக் கொழுந்து. தவிட்டு நெறம், மஞ்சப் பூ. கழுத்து சிறுத்து, வயிறு பெருத்து, அப்படியே நம்ம மண்கலயம் மாதிரி இருக்கும்.

ஆமா சார். அப்படி இருந்ததுதான் வெனையாப் போச்சு.

எங்க வீட்டுக்காரவுக தவறுனப்ப மேடம் லீவுல ஊருக்குப் போயிருந்தாக. நீங்கதான ஆபீஸ்ல இருந்து போன் பண்ணுனீக, புஜைரா ரோட்டுல கார் உருண்டுருச்சுன்னு. எரிக்கிறதுக்குக் காகிதமெல்லாம் நீங்கதான் அலைஞ்சு வாங்கிக் குடுத்தீக. அத மறக்கல சார். மறுநா வெள்ளிக்கெழம, இங்க லீவு நாளு. வெயிலுக்கு முந்தி முடிச்சுரணும்னுட்டாக.

கொள்ளி வைக்க எம்மவன் இருக்கான், ஒரு வயசு. லேபர் கேம்ப்ல தங்கியிருக்குற அவுக கூட்டாளி கார்மேகம் அண்ணன், அவன் கையப் புடிச்சு நான் வைக்க வைக்கிறேன், கொடமும் நானே தூக்குறேன்னாரு. கொடத்துக்கு எங்க போக? கடையெல்லாம் பூட்டு. அலுமினியக் கொடம் ஒண்ணக் கொண்டாந்து வச்சுட்டு முழிக்கிறாரு. அது ஒடையுமா சார்? கொடம் ஒடைக்காம எப்படி அனுப்புறது? ஊரு தெரியாத ஊருல அவுக வழி தெரியாம நிப்பாகளேன்னு இருந்துச்சு. அலமாரியத் தொறந்துட்டேன்.

பொம்பள சுடுகாட்டுக்குப் போகக் கூடாதுதான். பாலுக்கு அழுகுற பயல யாருகிட்டக் குடுக்க? போனேன்.

ஒவ்வொரு சுத்துக்கும் கத்தியால கொத்துனாக. மண்கொடம்னா பொத்துக்கிட்டுத் தண்ணி பீச்சும். இது மூணு சுத்துக்கும் ஒரு சொட்டுச் சிந்தல. அம்புட்டு நல்ல சாமான். பின்னால போட்டா, மணல்ல பொத்துன்னு விழுந்து முழுசாக் கெடக்கு. எல்லாரும் என் மொகத்தப் பாக்குறாக. நாந்தான் சார் கல்லெடுத்துப் போட்டேன்.

இந்தாங்க, இந்த பிஸ்கட் டப்பாவுல எல்லாச் சில்லும் இருக்கு. அடிப்பக்கம் ஒடையல பாருங்க, எட்டுக் கொழுந்தும் அப்படியே இருக்கு. ஒட்ட வச்சா மேடம் மனசு ஆறுமோ என்னமோ. தூசி தட்டுறப்பக் கை தவறிருச்சுன்னு சொல்லிருங்க சார். கல்லப் போட்டேன்னு அவுககிட்டச் சொல்ல எனக்கு வாய் வராது.

எப்பப் பொறுக்குனேனா? அப்பவேதான். கொள்ளி வச்சாச்சு, திரும்பிப் பாக்காம வாம்மான்னு சொல்லிட்டு அண்ணன் முன்னால நடந்துட்டாரு. எனக்கு மேடம் சாமானாச்சேன்னு இருந்துச்சு. பயல இடுப்புல வச்சுக்கிட்டுத் திரும்பிப் போனேன். தலையத் தூக்கவே கூடாது, சில்ல மட்டும் பொறுக்கிட்டு வந்துரணும்னுதான் குனிஞ்சிருந்தேன். பய எரியுற பக்கம் கைய நீட்டி, ‘ப்பா’ன்னான்.

நிமிந்து பாத்துட்டேன் சார்.