கரையோரத்துப் பதினோரு பேர்

இந்த ஸ்டேஷன் நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது சார். ரெண்டு பொட்டு வெல்டிங் வச்சா நின்னுடும். என் பட்டறை பக்கத்துலதான், நானே வச்சுத் தர்றேன்.

உள்ளே உட்காரவச்சிருக்கிற அக்காவை வீட்டுக்கு அனுப்பிடுங்க. அவங்க செய்யல.

அந்தக் கரையை நீங்க பார்த்திருப்பீங்க. இடிச்ச கட்டடத்தையெல்லாம் இருபது வருஷமா கொட்டிக் கொட்டி, தண்ணிக்குள்ளே நீண்டுபோன மண்ணு. எங்க பார்த்தாலும் கான்கிரீட், கம்பி, புதர். யாருக்கும் வேண்டாத இடம்னுதான் எங்களுக்குக் கிடைச்சுது. நான் அந்தக் கம்பியை வளைச்சு உருவம் செஞ்சேன். அக்கா தையல்காரங்க. அங்கே சுத்துறதுங்களுக்குச் சோறு கொண்டுவருவாங்க. மொத்தம் பதினோரு பேர். நாய்னு சொன்னா அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி எவனோ விஷம் வச்சு ரெண்டு போச்சு. அப்புறம்தான் பழக்கினோம். தகர டப்பாவை மூணு தட்டு தட்டி, எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கையால கொடுத்தாத்தான் தின்னும். வெளியாள் கறியே போட்டாலும் மோந்துட்டுப் போயிடும். ஆறு மாசம் உயிரை வாங்கிடுச்சுங்க.

அப்புறம் பூங்கா வருதுன்னாங்க. புல்தரை, வேலி, நுழைவுச் சீட்டு. மாநகராட்சி ஆபீஸ் படி ஏறி இறங்கி செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். வீடு வீடா கையெழுத்துக் கேட்டேன், நாப்பத்து மூணு பேர் போட்டாங்க. கடைசியா அதிகாரி சொன்னாரு: "உங்க பொம்மைய வேணா ஓரமா வச்சுக்கங்க. நாய்ங்களை அள்ள வியாழக்கிழமை வண்டி வரும்."

கையாலாகாத்தனம் இருக்கே சார், அது மனுஷனை உட்காரவும் விடாது, நிக்கவும் விடாது. இரும்புக்கு யாரும் அழமாட்டாங்க. உயிரோட திரியுற தெருநாய்க்கும் அழமாட்டாங்க. ஆனா செத்துக் கிடந்தா ஊரே திரண்டு வரும். எப்படியும் வண்டியில போகப்போறதுங்கதானே.

புதன்கிழமை சாயங்காலம் டப்பாவை மூணு தட்டு தட்டினேன். எல்லாரும் ஓடி வந்தாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையாலதான் கொடுத்தேன். யாருக்கும் குறை வைக்கல. மொட்டைவால் மட்டும் எங்கேயோ போயிருந்துச்சு, வரல. பழி வேலி போட வந்தவங்க மேல போகும்னு நெனச்சேன்.

காலையில அக்கா செத்துக் கிடந்ததுல ஒண்ணை மடியில போட்டுக்கிட்டு, "தம்பி, யாருடா இப்படிப் பண்ணியிருப்பான்?"னு கேட்டாங்க. நானும் அழுதேன். பொய் அழுகை இல்ல சார்.

நெனச்ச மாதிரியே கூட்டம் வந்துச்சு, மெழுகுவத்தி வந்துச்சு, பேப்பர்ல படம் வந்துச்சு. பூங்காவைக் கைவிட்டுட்டோம், கரை இருக்கிறபடியே இருக்கட்டும்னு அறிவிச்சுட்டாங்க. அங்கேதான் நான் கோட்டை விட்டேன். கால்நடை டாக்டர் விசாரிச்சப்ப அக்கா பெருமையா சொல்லிட்டாங்க, எங்க ரெண்டு பேர் கையைத் தவிர யார் கொடுத்தாலும் அதுங்க தொடாதுன்னு. சொன்ன அப்புறம்தான் அவங்களுக்கே உறைச்சுது. என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. சோறு ஆக்கினது அவங்கன்னு நீங்க அவங்களைக் கூட்டிட்டு வந்தீங்க, அப்பவும் அவங்க என் பேரைச் சொல்லல. மூணு நாள் நானும் வாயைத் திறக்கல. அது தப்புதான், ஒத்துக்கறேன்.

மத்தது தப்புன்னு எனக்குத் தோணல. கரை பிழைச்சுடுச்சு. இனி செத்ததுங்களுக்கு ஒவ்வொண்ணா இரும்புல உருவம் செஞ்சு நிறுத்துவேன். எந்த வண்டி வந்தும் அள்ள முடியாது.

இங்கே வர்றதுக்கு முன்னாடி, இன்னிக்குக் காலையில போய் டப்பாவைத் தட்டினேன். மொட்டைவால் வந்துச்சு. என் கையால தின்னுட்டு, இருக்கிற அரை வாலை ஆட்டுச்சு சார். நான் கெட்டவனா இருந்தா அது வாலாட்டியிருக்குமா?